சுத்தக் காற்றுக்கு நடப்பவள்

எங்கள் துறைமுகத்தில் போடிலைக் கிண்டல் பண்ணாதவன் ஒருவன்கூட இல்லை. நானும் பண்ணியிருக்கிறேன். காற்றில் விஷவாயு இருக்கிறதா என்று அளக்கும் கேஸ் மீட்டர்களை ஒரு நீல வாளி நிறையப் போட்டுக்கொண்டு, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, அலைத்தடுப்புக் கல்சுவரின் முனைவரைக்கும் நடந்து போவாள். மழையென்றாலும் போவாள், ஆளைத் தள்ளும் மேல்காற்று அடித்தாலும் போவாள். அங்கே ஒரு கல்மேல் உட்கார்ந்து மீட்டர்களை ஒவ்வொன்றாக எழுப்பி, எண்ணைப் பார்த்து, மறுபடி வாளியில் போட்டுக்கொண்டு திரும்புவாள்.

"மகாராணி காத்து வாங்கக் கிளம்பிட்டாங்கடோய்!" என்று பிரெபன் கத்துவான். 'கரென் மரீ' படகின் மெக்கானிக் அவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள்.

"உனக்கும் ஒரு வாளி அள்ளிட்டு வரேன் இரு. மூளைக்குக் கொஞ்சம் போகட்டும்" என்பாள் போடில், நடையை நிறுத்தாமலே.

அவள் பட்டறை மீன்தூள் ஆலைக்கும் ஐஸ் கொட்டகைக்கும் நடுவில் இருந்தது. அடுத்த சுவர் என்னுடைய பம்ப் அறை. படகுகள் கொண்டுவரும் பொடிமீனை அவற்றின் அடிக்கிடங்கிலிருந்து உறிஞ்சி ஆலைக்கு அனுப்புவது என் வேலை. டென்மார்க்கின் இந்த மேற்குக் கரையில் அந்த மீனை யாரும் தின்பதில்லை. வேகவைத்து, பிழிந்து, அரைத்துத் தீவனமாக்குகிறோம். அந்த நாற்றம் ஊரின் திரைச்சீலையில்கூட இருக்கும். வெளியூர்க்காரன் யாராவது மூக்கைப் பொத்தினால், "அது சம்பள வாசனைப்பா, நல்லா இழுத்துக்கோ" என்று சொல்லிச் சிரிப்போம். எங்களுக்கு அதில் ஒரு பெருமை. இந்தக் காற்றிலே வளர்ந்தவர்கள் நாங்கள், இது எங்களை என்ன செய்துவிடும் என்ற பெருமை. போடில் மட்டும் அந்தச் சிரிப்பில் சேரமாட்டாள்.

"மூக்கு ஒரு துரோகி, ஹோல்கர்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் பட்டறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். "மீன் அழுகினா வர்ற கேஸ் இருக்கே, கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை மாதிரி நாறும். அதிகமானா மொதல்ல உன் மூக்கைத்தான் கொல்லும். நாத்தம் போயிடுச்சேன்னு நீ நிம்மதியா மூச்சை இழுப்ப. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

"காலங்காத்தால நல்ல பேச்சு பேசற."

"நீதானே கேட்ட, ஏன் அவ்வளவு தூரம் நடக்கறன்னு?"

அன்றைக்குத்தான் அவள் மேசைமேல் ஒரு மீட்டரைப் பிரித்துப்போட்டுக் காட்டினாள். சோப்புக்கட்டி அளவுப் பெட்டி. முகத்தில் நான்கு துளைகள், துளைக்கு ஓர் உணரி. முதலாவது ஆக்சிஜனுக்கு. காற்றைத் தின்றே உயிர்வாழும் சின்ன பேட்டரி அது, அலமாரியில் சும்மா கிடந்தாலும் கிழடாகிச் செத்துப்போகும். இரண்டாவது தீப்பற்றும் வாயுக்களுக்கு. அதற்குள் கடுகு மாதிரி இரண்டு மணிகள் சூடாக இருக்கும். வாயு பட்டால் ஒரு மணிமேல் மட்டும் எரியும், அது எவ்வளவு கூடுதலாகச் சூடாகிறது என்பதுதான் திரையில் வரும் எண். பிரெபன் ஒருமுறை அதன் பக்கத்திலேயே சிலிக்கான் ஸ்பிரே அடித்துத் தொலைத்தான். அந்த மணியில் சிலிக்கான் படிந்தால் குருடாகிவிடும், குருடானதை வெளியே சொல்லவும் செய்யாது. அவன் டப்பாவைப் பிடுங்கி அவன் முதுகிலேயே போட்டாள் போடில். மூன்றாவதும் நான்காவதும் விஷ வாயுக்களுக்கு. ஒன்று எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு, இன்னொன்று அழுகல் வாயுவான ஹைட்ரஜன் சல்பைடுக்கு. உள்ளே ஒரு சொட்டு அமிலம். வாயு அதைத் தொட்டால் எறும்பு கடித்த அளவுக்கு ஒரு மின்சாரம் ஓடும்.

"மின்சாரம் ஓடுது, சரி. ஆனா அதுக்கு எண்ணு தெரியாது" என்றாள். "நாமதான் கத்துக்குடுக்கணும். ரெண்டே பாடம். மொதல்ல சுத்தமான காத்துல வச்சு, 'இதுதான் பூஜ்யம், நல்லா பாத்துக்கோ'ன்னு சொல்லணும். அப்புறம் இந்த சிலிண்டர்ல அளந்து அடைச்ச கேஸைக் குழாய் வழியா மெதுவா விட்டு, 'இது இருபத்தஞ்சு'ன்னு சொல்லணும். அந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு மத்ததை அதுவே கண்டுபிடிச்சுக்கும்."

"பூஜ்யத்தையே தப்பா சொல்லிக்குடுத்துட்டா?"

"அப்புறம் அது சொல்றது எல்லாமே பொய்தான். பாவம், பொய் சொல்றோம்னு அதுக்கே தெரியாது."

அதனால்தான் கல்சுவர் முனை. அங்கே கடலிலிருந்து நேராக வரும் காற்றில் எதுவும் கலந்திருக்காது. ஆலையின் ஓரத்தில் நின்று பூஜ்யம் வைக்க அவளுக்கு மனசு வராது. வாரம் தவறாமல் எல்லாப் படகு மீட்டர்களுக்கும் சிலிண்டர் வாயுவை ஒரு வாய் ஊட்டி, அலறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள். இந்தக் கரையில் நாங்கள் யாரையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. உச்சபட்ச பாராட்டே "மோசமில்லை" என்பதுதான். போடிலின் வேலையைப் பற்றிக் கேட்டால் எல்லாப் படகுக்காரனும் அந்த வார்த்தையைத்தான் சொல்வான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தான். தம்பி வெர்னரின் மகன் எஸ்கில். தாய் இளவயதிலேயே புற்றுநோயில் போய்விட்டாள். வெர்னரோ 'கரென் மரீ'யின் தலைவன், வருஷத்தில் பாதி கடலில் கிடப்பவன். பையனுக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்ததிலிருந்து முதல் காதலி ஓடிப்போனபோது கூட உட்கார்ந்து அழுதது வரைக்கும் எல்லாம் போடில்தான். வளர்ந்து தாடி வைத்து அப்பாவோடு கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகும், கரைக்கு வந்தால் நேராக அத்தை வீட்டுக்கு வந்து பன்றியிறைச்சி உருண்டை எத்தனை இருக்கிறது என்று சட்டியைத் திறந்து பார்ப்பான்.

"அத்தை, அப்பாவுக்கு மிச்சம் வைக்கணுமா?"

"அவனுக்கு எதுக்கு? அவன் தொப்பையைப் பாத்தியா? நீ சாப்பிடு."

அந்த வருஷம் ஜூன் மாதம் வழக்கத்துக்கு விரோதமாகக் கொதித்தது. 'கரென் மரீ'யின் குளிரூட்டி நடுக்கடலில் படுத்துவிட, கிடங்கு நிறையப் பொடிமீன் பாதி கூழாகிக் கரைக்கு வந்தது. நான் குழாயை இறக்கி உறிஞ்ச ஆரம்பித்தேன். கடைசியில், அடியில் முழங்கால் அளவு ரத்தத் தண்ணீர் நின்றபோது குழாய் வாய் அடைத்துக்கொண்டது. யாராவது இறங்கி அடைப்பை எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் நாலைந்து முறை நடக்கிற சாதாரண வேலை. வெர்னரே இறங்கினான்.

நான் பம்ப் அறையில் எஞ்சினை நிறுத்திக்கொண்டிருந்தேன். அலாரம் கேட்டது. கிடங்குக்குள்ளிருந்து வந்ததால் கிணற்றுக்குள் குழந்தை அழுவதுபோல இருந்தது. அதற்குப் பின்னால் எஸ்கிலின் குரல். மனிதக் குரல் என்றே நான் நினைக்கவில்லை.

நான் ஓடிவந்தபோது போடில் எனக்கு முன்னால் படகில் ஏறிவிட்டிருந்தாள். அந்தச் சத்தத்தைப் பட்டறைக்குள்ளிருந்தே அடையாளம் கண்டிருக்கிறாள். எஸ்கில் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து அவள் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தளத்தில் மல்லாந்து விழுந்தார்கள்.

"விடுங்க! அப்பா கீழ கிடக்கறாரு! விடுங்கத்தை!"

"பிரெபன், அவன் கால்மேல உட்காரு! ஹோல்கர், காத்தாடி! பெரிய காத்தாடிய போடு, குழாயைக் கீழ விடு!"

நான் காற்றடிக்கும் விசிறியை இழுத்துவந்து அதன் குழாயைக் கிடங்குக்குள் தள்ளினேன். சுவிட்சைத் தட்டினேன். போடில் ஒரு கையால் எஸ்கிலின் காலரைப் பிடித்தபடியே, மறு கையால் தன் இடுப்பிலிருந்த மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். ஏணியில் பாதிகூட இறங்கவில்லை, அதுவும் அலறத் தொடங்கியது. கீழே ஒன்று, நடுவில் ஒன்று. வெர்னர் சுவரில் சாய்ந்து, மார்புவரை அந்தச் சிவப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா கண்ணு தொறந்திருக்கு அத்தை! என்னைப் பாக்கறாரு!"

"பாக்கல."

"பாக்கறாரு! மூச்சைப் பிடிச்சிட்டுப் போயிட்டு வந்துடறேன், ஒரே நிமிஷம், கையெடுத்துக் கும்பிடறேன்…"

"பாக்கலடா. எஸ்கில், அவன் பாக்கல."

அவன் அவள் கையைக் கடித்தான். ரத்தம் வந்தது, நான் பார்த்தேன். அவள் விடவில்லை. அங்கே கிடந்தது அவள் தம்பி. ஏணியில் இறங்கியிருக்க அவளுக்கும்தான் காலிருந்தது. ஆனால் இறங்குகிற ஒவ்வொருவரும் கீழே இன்னொரு பிணம் என்பது அவளுக்குத் தெரியும். இந்தக் கரையில் அப்படி ஒரே கிடங்கில் அண்ணனும் தம்பியும் மாப்பிள்ளையும் போன கதைகள் எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் உண்டு. தீயணைப்புக்காரர்கள் காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து வெர்னரைத் தூக்கும்வரை அவள் அந்தக் காலரைப் பிடித்துக்கொண்டு தளத்திலேயே கிடந்தாள். வெர்னர் எப்போதோ போயிருந்தான்.

அவன் மார்பில் மாட்டியிருந்த மீட்டர் மேலே வந்த பிறகும் அலறிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாத தீயணைப்புக்காரன் ஒருவன் போடில் கையில் கொடுத்துவிட்டான். அவள் வாங்கி அமர்த்தி, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் தனியாகக் கல்சுவர் முனைக்கு நடந்து போனதைப் பார்த்தேன். கையில் வாளி இல்லை. தம்பி செத்த துக்கத்தில் போகிறாள், குதித்துத் தொலைக்கப்போகிறாளே என்று பயந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி வந்தாள். அந்த மீட்டரை வாங்கி, சுத்தக் காற்றில் பார்த்தாள், சிலிண்டர் வாயு கொடுத்துப் பார்த்தாள். பூஜ்யம் பூஜ்யமாக இருந்தது, இருபத்தைந்து இருபத்தைந்தாக இருந்தது. பழைய ரகம் அது, நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளாது. மீட்டர் சரியாக இருக்கிறது, அலாரம் அடித்தும் கேளாமல் அந்த மனுஷன் இறங்கியிருக்க வேண்டும் என்று அவள் முடிவுக்கு வந்தாள். அதிகாரிமேல் தப்பில்லை. அவள் கையில் கொடுக்கப்பட்டது அதுதான்.

எஸ்கில் அதைக் கேட்டுவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தான். நானும் பிரெபனும் அங்கே இருந்தோம்.

"எங்கப்பா ஒண்ணும் முட்டாள் இல்ல" என்றான். குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் பக்கத்துல நின்னேன். இறங்கறப்ப மீட்டர் கம்முனு இருந்துச்சு. அடியில போய் அந்தத் தண்ணியக் கலக்கின பிறகுதான் கத்துச்சு. அது முன்னாடியே கத்தியிருக்கணும். உங்க மீட்டர் அத்தை. உங்க வேலை."

போடில் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு மட்டும் எப்படி சரியாயிடுச்சு? நேத்து ராத்திரி உங்க கையிலதானே இருந்துச்சு? பேர் கெட்டுடும்னு சரிபண்ணிட்டீங்க, இல்ல? சொல்லுங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நம்பறேன்."

அவள் இல்லையென்று சொல்லவில்லை. கடிபட்ட கையில் சுற்றியிருந்த கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவன் அலமாரியிலிருந்த ஒரு சிலிண்டரைத் தூக்கிச் சுவரில் எறிந்துவிட்டுப் போனான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிரெபன் போகட்டும் என்று காத்திருந்து கதவைச் சாத்தினேன். "நேத்து சாயங்காலம் கல்சுவருக்கு எதுக்குப் போன? மீட்டரைத் திருத்தினியா? என்கிட்டயாவது உண்மையைச் சொல்லு."

"திருத்தினேன்" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். அன்று அந்த மீட்டருக்குச் சிலிண்டர் வாயுவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். இருபத்தைந்து காட்ட வேண்டியது பதினேழு காட்டியது. உணரி கிழடாகியிருந்தால் இப்படிக் குறையலாம். சந்தேகம் தீரக் கல்சுவர் முனைக்குக் கொண்டுபோனாள். சுத்தக் காற்றில் அது கழித்தல் எட்டு காட்டியது. சிலிண்டர் வாயுவிலும் எட்டு குறைவு, சுத்தக் காற்றிலும் எட்டு குறைவு. உணரியில் கோளாறே இல்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்த பூஜ்யம்தான் தப்பு. வாயு எட்டு அளவு இருந்த இடத்தில் நின்றுகொண்டு யாரோ அதனிடம் "இதுதான் சுத்தக் காற்று" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எஸ்கில்தான்" என்றாள். "வெர்னருக்குக் கண்ணாடி இல்லாம அந்த எழுத்தே தெரியாது. எப்பவும் போட்டுக் குடுக்கறது இவன்தான். கிடங்கு மூடியத் திறந்து வச்சுட்டு, அதும் பக்கத்துலயே நின்னு போட்டிருக்கான். போட்டதும் பூஜ்யம் வரலைன்னா அது எண்ணைக் காட்டி பீப் பீப்னு கத்தும். அட, இது நம்ம ஊரு நாத்தம்தானே, சனியன் எதுக்குக் கத்துதுன்னு பூஜ்யம் வைக்கிற பட்டனை அமுக்கிட்டான். பூஜ்யம் வந்துடுச்சு, வாய மூடிடுச்சு."

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தளத்தில் நானும் நாளெல்லாம் நிற்கிறேன். அங்கே அடிப்பது வெறும் நாற்றம் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

"பக்கத்துலயே எட்டுன்னா கிடங்கு வாயில பத்தைத் தாண்டியிருக்கும். பத்துக்கு அலாரம். சரியா இருந்திருந்தா ஏணியில கால வைக்கறதுக்கு முன்னாடியே கத்தியிருக்கும். வெர்னர் திட்டிக்கிட்டே காத்தாடி போட்டுட்டு உக்காந்திருப்பான். அதிகாரி கண்டுபிடிச்சா எஸ்கில் தலையிலதான் விழும்னு அங்கேயே பூஜ்யத்தைத் திருத்திட்டேன்."

"அவன்கிட்ட சொல்லித் தொலையேன்! ஊரே உன்னைக் கரிச்சுக் கொட்டப்போகுது."

"உங்கப்பனைக் கொன்னது நீதான்னு சொல்லிட்டு, அவனைத் தனியா கடலுக்கு அனுப்பவா?" அப்போதுதான் அவள் அழுதாள். "ஒரு ராத்திரி தாங்குவானா ஹோல்கர்? நீ சொல்லு. தாங்குவானா?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "சொல்லலைன்னா இன்னொரு நாள் அதே பட்டனை அமுக்கிட்டு அவனே இறங்குவானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், அதை அவள் ஏற்கெனவே நினைத்துப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. சொன்னால் பையன் போய்விடுவான், சொல்லாவிட்டாலும் போய்விடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த வருஷம் முழுக்க அவள் உயிர் ஊசலாடியது.

எஸ்கில் ஊரெல்லாம் சொன்னான். படகுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் மீட்டர்களை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. "வேற ஏற்பாடு பண்ணிட்டோம்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நகரத்துக் கம்பெனி வண்டி ஒன்று மாதமொருமுறை வந்து அந்த வேலையைச் செய்தது. போடில் உருண்டை சுட்டு, சட்டியைத் துணியில் கட்டி எஸ்கில் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவாள். அவன் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கடற்காக்கைகளுக்குக் கொட்டுவான். மறுவாரமும் வைப்பாள். பைத்தியம், பைத்தியம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

'கரென் மரீ' கரைக்கு வரும் நாட்களில் அவள் பட்டறை ஜன்னலை விட்டு நகரமாட்டாள். கோட்டு மாட்டி, காலில் பூட்ஸோடு நிற்பாள். எஸ்கில் இப்போது படகின் தலைவன். குளிர்காலம் முழுக்கச் சுத்தமான மீன்தான் வந்தது, கிடங்கில் இறங்கும் அவசியமே வரவில்லை. நிற்பதும், படகு கிளம்பியதும் கோட்டைக் கழற்றுவதுமாக அவள் இளைத்துப்போனாள்.

மறுபடி பொடிமீன் பருவம் வந்தது. ஒரு மத்தியானம், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது, என் குழாய் அடைத்துக்கொண்டது. அதே மாதிரி, அடிக் கூழில். நான் பம்பை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். எஸ்கில் திறந்த கிடங்கு மூடியின் ஓரத்தில் நின்று நகரத்துக் கம்பெனி கொடுத்த புது மீட்டரைப் போட்டுக்கொண்டிருந்தான். அது பீப் என்றது. மறுபடி பீப் என்றது. அவன் முகத்தைச் சுளித்து, கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தான். சத்தம் நின்றது.

போடில் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். இந்த வயதில் அந்தத் தாண்டு தாண்டுவாள் என்று நான் நினைக்கவில்லை. படகில் குதித்து, கிடங்கின் வாயில் ஏணிமேலேயே குந்திவிட்டாள்.

"எறங்குங்க என் படகை விட்டு" என்றான் எஸ்கில்.

"மாட்டேன்."

"பிரெபன், இவங்களைத் தூக்கிக் கரையில விடு."

பிரெபன் அசையவில்லை. அவன் முகத்தில் கேலி துளியும் இல்லை.

"கீழ போகணும்னா என்னை மிதிச்சிட்டுப் போ" என்றாள் போடில். "இல்லைன்னா அந்த மீட்டரை எடுத்துக்கிட்டு என்கூட கல்சுவர் முனைக்கு வா. அணைக்காம எடுத்துட்டு வா. ஒரே ஒரு தடவை. அப்புறம் ஜென்மத்துக்கும் உன் கண்ணுல பட மாட்டேன்."

"எதுக்கு? இதுவாவது புதுசு. நீங்க கை வைக்காதது."

"அதுக்குத்தான். நான் கை வைக்காத மீட்டர். வா."

அவளை அவமானப்படுத்தலாம் என்ற எண்ணத்தில்தான் அவன் கிளம்பியிருக்க வேண்டும். "சரி, வாங்க, எல்லாரும் வாங்கடா, பைத்தியத்தோட சர்க்கஸைப் பாருங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே முன்னால் நடந்தான். யாரும் போகவில்லை, நான் மட்டும் பின்னால் போனேன். ஆலையைத் தாண்டி, ஐஸ் கொட்டகையைத் தாண்டி, கல்சுவரில் ஏறியதும் மேல்காற்று முகத்தில் அறைந்தது. பாதியிலேயே அவன் பேச்சு நின்றுபோனது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே நடந்தவன், முனையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான்.

"இது என்ன இது?" என்றான்.

மீட்டரை அவளிடம் நீட்டினான்.

"கழித்தல் ஆறு காட்டுது. கோளாறா? புது மீட்டர் இது."

"கோளாறு இல்ல. இதுதான் சுத்தக் காத்து. பூஜ்யம்னு நீ அதுக்கு எந்தக் காத்தைக் காட்டின?"

அவன் திரும்பித் துறைமுகத்தைப் பார்த்தான். ஆலைப் புகைபோக்கி, படகுகள், திறந்து கிடந்த அவன் கிடங்கு. மறுபடி கையிலிருந்த எண்ணைப் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சின்ன வயதிலேயே கணக்கில் கெட்டிக்காரன்.

"அன்னிக்கும்?" என்று கேட்டான்.

அவள் அப்போதும் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடேன் என்று என் மனசே அவளைக் கெஞ்சியது. அவள் உதடு அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது.

"எட்டு" என்றாள்.

அவன் விழவில்லை, கத்தவில்லை. மீட்டரை ஜாக்கிரதையாகக் கல்மேல் வைத்தான். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்: "நான்தான் அத்தை எண்ணை வாசிச்சேன். அப்பா கண்ணாடி எடுத்துட்டு வரல. மீட்டரைக் கிடங்கு வாயில புடிச்சுக்கிட்டு, எவ்வளவுடான்னு கேட்டாரு. ஆறுன்னு சொன்னேன், உண்மையில பதினாலு. 'மோசமில்ல'ன்னு சொல்லிட்டு இறங்கினாரு."

சொல்லிவிட்டு அவன் கடல் பக்கம் ஓரடி வைத்தான். வெறுமனே நகர்ந்தானோ, வேறு எதற்காகவோ, எனக்குத் தெரியாது. போடிலின் கை அவன் சட்டைக் காலரில் இருந்தது. கிடங்கின் வாயில் பிடித்த அதே பிடி. பல் பட்ட தழும்பு அந்தக் கையில் வெள்ளையாகத் தெரிந்தது.

"விடுங்கத்தை. நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்."

"தெரியும்."

"அப்ப விடுங்க."

"மாட்டேன்."

அவன் கல்மேல் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், காலரை விடாமல். நான் திரும்பி நடந்தேன். கிடங்கு மூடியை மூடச் சொல்லி பிரெபனிடம் சொல்ல வேண்டியிருந்தது.